செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத ஒன்பது நாட்கள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது. இன்று காலை பத்தரை வரைக்கும், இந்த ஒன்பது நாட்களில் நம் வீட்டுக் காரின் சாவியை உன் அம்மா முப்பத்தெட்டு முறை திருப்பியிருக்கிறாள், நான் இருபத்தாறு முறை. மொத்தம் அறுபத்து நான்கு. அறுபத்து நான்கு முறையும் செல்ஃப் மோட்டார் சுற்றியது, என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. உன் தாத்தா பதினொரு முறை திருப்பினார். பதினொரு முறையும் ஸ்டார்ட் ஆனது. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் எட்டாவது படிக்கிற பிள்ளைக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். எனக்கு விளங்க ஒன்பது நாள் ஆயிற்று. நான் என்ஜினியர்.

உனக்கு இப்போது ஒரு வயது நான்கு மாதம். மாடியில் அம்மாவின் சேலையைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாய். நீ மீசை முளைத்து, லைசென்ஸ் எடுத்து, 'எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லத் தொடங்குகிற வயதில் இதை உன் கையில் கொடுப்பேன். ஆகவே பெரிய ஆளிடம் பேசுகிற மாதிரியே பேசுகிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த வயதில் யாரும் மகனுக்கு அறிவுரைக் கடிதம் எழுதுவதில்லை என்று தெரியும். ஆனால் இருபது வருஷம் கழித்து எழுதினால் கோபம் ஆறிப்போயிருக்கும். உன் தாத்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சேர்ப்பேன், என்னைப் பற்றி நாலு பொய் சேர்ப்பேன், பூசி மெழுகி ஒரு கதையாக்கி விடுவேன். அதனால் இன்றைக்கே, கையில் கிரீஸ் போகாமலே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் மரியாதையான வீட்டில் வளர்ந்த எந்தப் பையன் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் வண்டி விஷயம், ஏனென்றால் அது சுலபம். ஒரு பழைய பெட்ரோல் கார், செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதே. பேட்டரி செத்திருந்தால் செல்ஃபே சுற்றாது. என்ஜினுக்கு மூன்றுதான் வேண்டும். பெட்ரோல் வர வேண்டும், பிளக்கில் பொறி அடிக்க வேண்டும், உள்ளே அழுத்தம் இருக்க வேண்டும். மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். இதில் முதலாவதைச் சோதிக்க ஸ்பானர்கூடத் தேவையில்லை. சாவியைச் செல்ஃப் வரை கொண்டுபோகாமல், டேஷ்போர்டில் விளக்குகள் எரிகிற இடத்தில் நிறுத்து. பாட்டை அணை. வாயை மூடு. பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ஊம்' என்று ஓடி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் பிளக் பக்கம் போ. கேட்காவிட்டால் பம்ப், ஃபியூஸ், ரிலே, அவற்றுக்குப் போகிற ஒயர், இவற்றை மட்டும் தேடு. மொத்தமே இரண்டு விநாடிப் பரிசோதனை. இதைச் செய்யாமல் ஸ்பானரைத் தொடுகிறவன் முட்டாள். நான் செய்யவில்லை. இத்தனைக்கும் நான் வேலை செய்வது மோட்டார் பம்ப் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். நாள் முழுக்க பம்ப் சத்தம் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே இதில் பேரிங் சரியில்லை என்று ஒதுக்கி வைப்பேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டு வாசலில் ஒரு பம்ப் ஓடவே இல்லை என்பது காதில் விழவில்லை. ஏன் விழவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா கால்நடை மருத்துவர். நீ பிறப்பதற்கு முன்பே தேர்வு எழுதி, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போய், காத்துக் காத்து மே மாதக் கடைசியில் பணி ஆணை வந்தது. தொண்டாமுத்தூருக்கும் அந்தப் பக்கம், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் கால்நடை மருந்தகம். ஜூன் 16 திங்கட்கிழமை முற்பகலுக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நம் வீடு சிங்காநல்லூரில், ஊரின் இந்தக் கோடி. பஸ் இரண்டு மாற வேண்டும். சாயங்காலம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் யானை இறங்குகிற ரோட்டில் தனியாக நிற்க வேண்டும். மருந்துப் பெட்டியோடு தோட்டம் தோட்டமாகப் போகிற வேலை வேறு. கார் இருந்தால் அந்த வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆணை வந்த வாரமே பவானியில் பெரியப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. கூடத்தில் ஜமக்காளம் விரித்து சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் தாத்தா வெற்றிலையை மடித்தபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்ற வண்டிய மருமவளுக்கே குடுத்துபோட்டேனுங்க. டாக்டரம்மா பஸ்ஸுல தொங்கிட்டுப் போனா நமக்குத்தானுங்க கேவலம்." ஓர் அத்தை எழுந்து வந்து அம்மாவின் கன்னத்தைத் தடவி, "இப்படி ஒரு மாமனாரு கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும் அம்மணி" என்றாள். அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அந்தக் கண்ணீரை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை, ரோட்டைப் பழகிக்கொள்ளலாம் என்று அவள் காரில் ஏறினாள். உடுமலைப்பேட்டையில் தன் அப்பாவின் தென்னந்தோப்பில் தேங்காய் லோடோடு டிராக்டர் ஓட்டியவள் அவள், புதுசாகக் கற்றுக்கொண்டவள் இல்லை. சாவியைத் திருப்பினாள். ஒரு விநாடி பிடித்து அணைந்தது. மறுபடி திருப்பினாள். செல்ஃப் அடித்ததே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. எட்டு முறை. நான் போய் ஆறு முறை. எதிர்வீட்டுக்காரர் நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "பேட்டரிதானுங்க" என்றார். அவருடைய வாஷிங் மெஷின் நின்றபோதும் அதைத்தான் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து தாத்தா வந்தார். ஏறி உட்கார்ந்தார், குனிந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார், சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். "வண்டிக்குக் கை பழகோணும் அம்மணி. அது என்ற கையவே கண்டு வளந்ததில்ல?" என்று சிரித்தார். அம்மா, "அப்படியே ஓடட்டுங்க மாமா, நான் மாறி உக்காந்துக்கறேன்" என்றாள். "வேண்டா வேண்டா. வழியில நின்னுபோச்சுன்னா? அது யானை வர்ற ரோடு. மொதல்ல நல்லா ரிப்பேர் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, மறுபடி குனிந்து சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினார். இது தினமும் நடந்தது. அம்மா திருப்புவாள், ஆகாது. நான் திருப்புவேன், ஆகாது. தாத்தா வருவார், குனிவார், சீட்டை இழுப்பார், ஆகும். அவர் குள்ளம், நான் நெட்டை. சீட்டை இழுப்பது எனக்கு இயல்பாகத்தான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேள். சனிக்கிழமை நான்கு பிளக்கையும் கழற்றினேன். புதுசு மாட்டினேன். ஞாயிறு ஏர் ஃபில்டர். திங்கள் என் ஃபேக்டரி நண்பனைக் கூட்டி வந்து ஒரு சென்சார் மாற்றினேன். இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, குருட்டுத்தனம். நீ எந்தத் தொழிலுக்குப் போனாலும் இதைச் செய்யாதே. கழற்றிய பழைய பிளக்குகளை மூக்கில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தன. பெட்ரோல் வாசனையே இல்லை. இத்தனை தடவை செல்ஃப் அடித்தும் பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. ஆனால் அதே பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் உன் அம்மாவிடம் சொன்னது என்ன தெரியுமா? "நீ சாவி போடும்போதே ஆக்சிலரேட்டரை மிதிக்கற. பெட்ரோல் நிறைஞ்சு என்ஜின் மூழ்கிப்போகுது. அப்பா வர்றதுக்குள்ள அது காஞ்சிடுது, அதனால அவருக்கு ஸ்டார்ட் ஆகுது." கையில் காய்ந்த பிளக். வாயில் மூழ்கின கதை.

செவ்வாய்க்கிழமை அதையே தெருவில் நின்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பால் வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் மிதிக்கலைங்க."

"மிதிக்காம எப்படி? எனக்குத் தெரியாதா?"

"ஃபேக்டரியில பம்பையும் இப்படித்தான் திட்டுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. இறங்கு என்றேன். அவள் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மாடு எங்க வலிக்குதுன்னு சொல்லாதுங்க. அதனால நாங்க மொதல்ல தொட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் பேசுவோம். நீங்க பேசி முடிச்சுட்டுத்தான் தொடறீங்க." நான் பானெட்டைப் படார் என்று மூடினேன். அதில் விரலும் மாட்டியது. நல்லது.

நான் எதையும் நோட்டில் எழுதுகிறவன். தேதி, நேரம், வெயில், எத்தனை முறை அடித்தேன், எந்தப் பார்ட்டை மாற்றினேன் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். செவ்வாய் மத்தியானம் அம்மா அதை வாங்கி, ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, மேலே 'யார்' என்று எழுதினாள். முதல் நாளிலிருந்து நினைவுபடுத்திக் கேட்டு, ஒவ்வொரு வரியிலும் ஆள் பெயரை நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். தாத்தா பெயருக்கு நேரே எல்லாம் 'ஆச்சு', எங்கள் பெயருக்கு நேரே எல்லாம் 'ஆகல'. ஃபேக்டரியில் ஒரு பம்ப் ஒரே ஆளின் கையில் மட்டும் ஓடினால் அடுத்த நிமிஷம் அந்த ஆள் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் போய் நிற்பேன். இங்கே நிற்கவில்லை. என்ஜினில் இருக்கிற அத்தனை உறுப்பையும் சந்தேகப்பட்டேன், உன் அம்மாவின் காலைச் சந்தேகப்பட்டேன், என் அப்பாவின் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

நேற்று வெள்ளி சாயங்காலம் தாத்தா மாடிக்கு வந்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப இதமாகப் பேசினார். "ஏனுங்க அம்மணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இப்பத்திக்கு முடியலைன்னு ஒரு லெட்டர் எழுதிப் போட்டரலாமா? கொழந்தைக்கும் ஒரு ரண்டு வயசு ஆகட்டும். வண்டியே வேண்டாங்குது பாருங்க." அம்மா என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். அம்மா, "நாளைக்கு ஒரு நாள் இருக்குதுங்க மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், என்னைக் கேட்காமல் பஷீர் அண்ணனுக்கு போன் செய்தாள். அவர் கார் ஒயரிங் பார்ப்பவர், கோட்டைமேட்டில் கடை. நம் வண்டிக்கு விளக்கு, ஹாரன் எது போனாலும் அவர்தான். அவரை நான் முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். டிகிரி வாங்கினவனுக்கு எலக்ட்ரீஷியன் எதற்கு என்ற திமிர்.

இன்று காலை பத்தரைக்கு வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் இருந்த அம்மாவிடம், "சாவிய லைட்டு எரியற வரைக்கும் மட்டும் திருப்புங்கம்மா. செல்ஃப் அடிக்க வேண்டாம்" என்றார். பின் கதவைத் திறந்து சீட்டில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். தெருவில் கீரைக்காரர் போகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"பம்ப் ஓடலீங்களே தம்பி" என்றார். பிறகு என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்து, புரிந்தது பிடிக்காமல் போனது நன்றாகத் தெரிந்தது. "ஐயா உங்ககிட்டச் சொல்லலைங்களா?"

"என்ன சொல்லணும்?"

அவர் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார். "சீட்டுக்கு அடியில, வலது கைப் பக்கம், கால்மிதி மேட்டுக்குக் கீழ பாருங்கம்மா. சின்னதா ஒரு ஸ்விட்ச் இருக்கும்."

அம்மா குனிந்தாள். டக் என்று ஒரு சத்தம். சாவியைத் திருப்பினாள். பின்னால் 'ஊம்' என்றது. பிறகு முதல் அடியிலேயே ஸ்டார்ட். பத்தொன்பது வயது வண்டி, நேற்று ஷோரூமிலிருந்து இறக்கிய மாதிரி நின்று ஓடியது. அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பஷீர் அண்ணன்தான் அதை மாட்டியவர். பவானியிலிருந்து நாங்கள் வந்த மறுவாரம் தாத்தா வண்டியை அவர் கடைக்கே கொண்டுபோய், பம்புக்குப் போகிற ஒயரில் மறைவாக ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொல்லியிருக்கிறார். பழைய வண்டிகளில் திருட்டுக்குப் பயந்து பலரும் வைப்பதுதான். "இது திருடனுக்குன்னு வெச்சதுங்க தம்பி. ஊட்டு ஆளுக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் கை வெச்சிருக்க மாட்டேனுங்க" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது. நடுங்க வேண்டியவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் போய் நின்றேன். தாத்தா மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். மெஷின் தெரியாதவர் இல்லை, தெரிந்தவர் என்பதால்தான் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிந்தது. "எதுக்குப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன். பேப்பரை மடித்தார். மறுக்கவில்லை. பொய் சொல்லவும் இல்லை. ரொம்ப நியாயமான குரலில், எனக்குப் புரிய வைக்கிற மாதிரி சொன்னார்: "வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா எப்படிக் கண்ணு சொல்றது? மருமவ மனசு நோகாதா?"

இதைக் கவனி. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். மனசு நோகக் கூடாதாம். ஊர் முன்னால் காரைக் கொடுத்து அழ வைத்தார். ஒன்பது நாள் தெருவில் உட்கார வைத்தார். தன் கைக்கு ஏதோ ராசி இருப்பது போலவும் அவள் கைக்கு இல்லாதது போலவும் சிரித்துப் பேசினார். நான் அவளைத் தெருவில் திட்டியபோது ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் நோகாத மனசு, 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் நொந்துவிடுமாம். தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதைக் காரை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார்.

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "மாமா, நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் ஏன்னு கேட்டிருப்பேனுங்க. அதுக்குத்தானுங்க பயந்தீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. தாத்தா வாயைத் திறந்தார். "கொழந்தைய உட்டுப்போட்டு அத்தனை தொலவு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். "அதைச் சொல்லியிருக்கலாமுங்க. அது பேசித் தீர்க்கற விஷயம்" என்றாள். அவர் மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார். எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துப் பேச்சு மரியாதையானது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். 'ங்க' போடாமல் நாம் தெருநாயைக்கூட விரட்டுவதில்லை. ஆனால் அந்த மரியாதைக்குள் 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டோம். 'பாக்கலாமுங்க' என்றால் மாட்டேன். 'ஆகட்டுங்க' என்றால் மறந்துவிடு. நான் பன்னிரண்டாவது முடித்தபோது சென்னையில் படிக்க ஆசைப்பட்டேன். உன் தாத்தா, "பாக்கலாம் கண்ணு, நானே தபால்ல போட்டர்றேன்" என்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். கடைசித் தேதி போன பிறகு அது பீரோவில், துவைத்து மடித்த வேட்டிகளுக்கு நடுவில் இருந்தது. நான் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டேன். ஏன் போடவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து மரியாதையாகச் சாப்பிட்டோம். உன் பாட்டி அப்போது இருந்தார். அவருக்கும் தெரியும், அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டிருந்தால், இன்று இந்த ஸ்விட்சை வைக்க அவருக்குக் கை வந்திருக்குமா?

இதுவரை எழுதியதை வைத்து நீ தாத்தாவை மட்டும் குற்றவாளி என்று முடிவு செய்தால், நானும் உன்னை ஏமாற்றியவன் ஆவேன். பஷீர் அண்ணன் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டாள்: "உங்களுக்குப் பம்ப் சத்தம் தெரியாதுங்களா? திட்டறதுக்குக் கேக்கலை, நிஜமாவே கேக்கறேன்." அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். புதன்கிழமை பின் சீட்டைத் தூக்கிப் பம்பைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டியவளின் காரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமாம். அவள் ஏழு மணிக்குக் கிளம்பினால் உன்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, சமாளிக்க வேண்டியவன் நான். அதற்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்க வேண்டும். 'பொண்டாட்டி வேலைக்குப் போறா, கொழந்தையப் பாக்கணும்' என்று சூப்பர்வைசரிடம் சொல்லக் கூச்சம். வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போனால் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் தானாக முடிந்துவிடும். இப்படி யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமலே இப்படி நடந்துகொண்டேன், அது இன்னும் மோசம். உன் தாத்தா ஒயரில் ஸ்விட்ச் வைத்தார். நான் காதில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே உனக்குச் சொல்கிறேன். உன் வீட்டில் ஒருவர் போக நினைக்கிற இடம் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். உன் பயத்தைச் சொல், உன் சோம்பலையும் சொல். அசிங்கமாகத்தான் இருக்கும். அவர்கள் திருப்பி ஏதாவது சொல்வார்கள், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டால் அது ஒரு சண்டை, சண்டைக்கு முடிவு உண்டு. சொல்லாமல் வழியை மறைத்தால் அவள் தன் காலையும் கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் அம்மா யாருக்கும் தெரியாமல் காரில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலைப் பெடலுக்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்த்தாள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். தான் உண்மையிலேயே மிதிக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. டிராக்டர் ஓட்டியவளுக்கு. இதை உண்டாக்கியது நாங்கள் இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் மெஷின் தெரிந்தவர்கள். இதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. இந்தப் பேனாவை வைத்ததும் கீழே போய் அந்த ஸ்விட்சைப் பிடுங்கி, ஒயரை நேராக இணைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றுவது. தாத்தா பார்க்கிற மாதிரி, பகலில்.

2. சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவிடம் புதன்கிழமை விஷயத்தைச் சொல்வது. இந்தக் கடிதத்தைக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளக் கூடாது. வாயால் சொல்ல வேண்டும். அவள் என்ன சொன்னாலும் நடுவில் பேசக் கூடாது.

3. செவ்வாய்க்கிழமை தெருவில் நின்று திட்டினேன். அதனால் இன்றைக்கு அதே தெருவில், எதிர்வீட்டுக்காரர் இருக்கும்போது, தப்பு அவள் மேல் இல்லை என்று சொல்வது. அவர் பேட்டரி என்பார். சொல்லட்டும்.

4. சூப்பர்வைசருக்கு போன் செய்து இரண்டாவது ஷிஃப்ட் கேட்பது. காரணம் கேட்டால் உண்மையான காரணத்தைச் சொல்வது. மத்தியானத்துக்கு மேல் உன்னைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் இன்றே போய்க் கேட்பது. தாத்தாவிடம் கேட்பதா என்பதை அம்மா முடிவு செய்வாள்.

5. அப்பாவிடம், "உங்களுக்காக நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன், நீங்களே கேளுங்க" என்று சொல்வது. அவர் 'பாக்கலாம்' என்றால், "கேப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்பது. பதில் வரும் வரை அங்கேயே நிற்பது.

6. நாளை ஞாயிறு, அம்மா மலையடிவாரம் வரை ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். நான் உன்னை வைத்துக்கொண்டு பின் சீட்டில். கியர் எப்போது மாற்றுவது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

7. திங்கள் காலை ஆறே முக்கால். அவள் தனியாகப் போய் வண்டியில் உட்காருவாள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நிற்பேன். ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் இறங்கிப் போக மாட்டேன். கூப்பிட்டால் போவேன்.